எடை குறைக்கும் குழுவில் சேரலாமா? பர்ஸைத் திறக்கும் முன் பார்க்க வேண்டியவை

வெறுங்காலோடு ஏறி நின்று, இரண்டு கையாலும் பிடியைப் பிடித்துக்கொள்கிற ஒரு மெஷின் உண்டு. ஐந்து வருடம் முன்னால் பாண்டி முத்தியால்பேட்டையில் ஒரு வீட்டு மாடியில், ஏழெட்டுப் பெண்கள் பார்த்துக்கொண்டிருக்க, நான் அதில் ஏறினேன். எனக்கு அப்போது 41 வயது. மெஷின் என் 'உடல் வயது' 58 என்றது. அங்கிருந்த அக்கா அதை ஓர் அட்டையில் எழுதி, அடியில் இரண்டு கோடு இழுத்து, "பயப்படாதீங்க, மூணு மாசத்துல இறக்கிடலாம்" என்றார். அதுவரை எனக்குப் பயமே இல்லை. அவர் சொன்ன பிறகுதான் வந்தது. அன்றைக்கே பணம் கட்டிவிட்டேன்.

அப்புறம் ஒரு வாட்ஸ்அப் குழுவில் இருந்தேன். இப்போது பாண்டி பீச் ரோட்டில் நாங்களே நாலு பேர் சேர்ந்து ஒன்று நடத்துகிறோம். மூன்றிலும் இருந்து பார்த்ததில் எனக்குப் புரிந்தது இவ்வளவுதான்: குழுவில் காசு கொடுத்து நாம் வாங்குவது, நமக்காக ஒருத்தர் காத்திருக்கும் ஒரு கிழமையையும் ஒரு நேரத்தையும்தான். சாப்பாட்டைக் குறைப்பதும் நடப்பதும் எப்படியும் நம் தலையில்தான். ஆக, அந்தக் காத்திருப்பு உங்களுக்கு வேண்டுமா, வேண்டுமென்றால் அதற்கு என்ன விலை கொடுக்கலாம் என்று பார்க்கத்தான் இந்த வழிகாட்டி. பாண்டி, கடலூர் பக்கம் இருப்பவர்களை மனதில் வைத்து எழுதுகிறேன்.

1. முதலில் வீட்டிலேயே அளந்துவிடுங்கள்

எந்த மாடிக்கும் ஏறுவதற்கு முன் உங்கள் எண் உங்கள் கையில் இருக்க வேண்டும். அடுத்தவர் எழுதித் தரும் அட்டையில் அதை முதன்முதலாகப் பார்க்கக் கூடாது, என்னைப் போல மாட்டிக்கொள்வீர்கள்.

எடையை மீட்டரில் உள்ள உயரத்தால் வகுத்து, வந்ததை மறுபடியும் அதே உயரத்தால் வகுங்கள். நான் 155 செ.மீ., எங்கள் பீச் ரோட்டுக் குழுவைத் தொடங்கியபோது 71 கிலோ, 71-ஐ 1.55-ஆல் இரண்டு முறை வகுக்க 29.5 சொச்சம் வரும். இதுதான் பி.எம்.ஐ. வெளிநாட்டு அட்டவணைகளில் 25 வரை சரி, 30-க்கு மேல்தான் பருமன் என்று போட்டிருக்கும், அதைப் பார்த்துச் சமாதானம் ஆகிவிடாதீர்கள். இந்திய உடல்வாகுக்கு 23-லேயே கூடுதல் எடை, 25-லேயே பருமன் என்று நம் மருத்துவர்கள் 2009-இலேயே கணக்கை மாற்றிவிட்டார்கள். நம்மவர்களுக்கு வயிற்றில் கொழுப்பு சேருவதும் சர்க்கரை வருவதும் குறைந்த எடையிலேயே தொடங்கிவிடுகிறது என்பதுதான் காரணம்.

அடுத்து இடுப்பு. தையல்காரர் வைத்திருக்கும் இஞ்சு டேப் போதும். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவில், மூச்சை விட்ட பிறகு, வயிற்றை எக்காமல் அளக்க வேண்டும். பெண்களுக்கு 80 செ.மீ., ஆண்களுக்கு 90 செ.மீ. தாண்டினால் யோசிக்க வேண்டும். என்னைக் கேட்டால் பி.எம்.ஐ.யை விட இதைத்தான் நம்புவேன்.

எடை மெஷினில் வாரம் ஒரு முறை, ஒரே கிழமை, காலையில் பாத்ரூம் போய் வந்ததும், காபிக்கு முன்னால் ஏறுங்கள். தினமும் ஏறினால் பைத்தியம் பிடிக்கும். முந்தின நாள் ராத்திரி கருவாட்டுக் குழம்பு சாப்பிட்டிருந்தால் மறுநாள் ஒரு கிலோ ஏறிக் காட்டும், உப்பு தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும், அவ்வளவுதான். மாதவிலக்கு நாட்களிலும் இதே கதை.

அந்த 'உடல் வயது' மெஷின் பற்றியும் சொல்லிவிடுகிறேன். அது உடம்புக்குள் மிக லேசான மின்சாரத்தை அனுப்பி, அது ஓடுவதற்கு எவ்வளவு தடை இருக்கிறது என்று பார்த்துக் கொழுப்பைக் கணக்குப் போடுகிறது. உடம்பில் இருக்கும் தண்ணீரை வைத்துத்தான் இந்தக் கணக்கு என்பதால், தண்ணீர் குடித்துவிட்டு ஏறினால் ஒன்று, வேர்க்க வேர்க்க நடந்துவிட்டு ஏறினால் வேறொன்று. ஒரே மெஷினில் மாதா மாதம் ஒரே நேரத்தில் பார்த்து ஒப்பிடலாம். ஒரு நாள் ஏறிப் பார்த்து வாழ்க்கையை முடிவு செய்யக் கூடாது.

2. டாக்டரைப் பார்க்காமல் சேரவே கூடாதவர்கள்

சர்க்கரைக்கு இன்சுலின் போடுபவர்கள், கிளிமிபிரைடு மாதிரி மாத்திரை எடுப்பவர்கள். சாப்பாட்டைத் திடீரென்று பாதியாக்கிவிட்டு மாத்திரையை அப்படியே போட்டால் சர்க்கரை இறங்கி மயங்கி விழுந்துவிடுவீர்கள், கடற்கரையில் நடந்துகொண்டிருக்கும்போதே விழலாம். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் புரோட்டீன் பவுடர் பக்கமே போகக் கூடாது. கர்ப்பிணிகள், பால் கொடுப்பவர்கள், பித்தப்பைக் கல் இருப்பவர்கள் (எடை வேகமாக இறங்கினால் புதிதாகக் கல் வரவும் வாய்ப்புண்டு), சாப்பாட்டைப் பார்த்தாலே குற்ற உணர்ச்சி வந்து வாந்தி எடுக்கும் அளவுக்குப் போனவர்கள், இவர்களுக்கும் அதேதான். வளரும் பிள்ளைகளைப் பெரியவர்களின் குழுவுக்குக் கூட்டிப் போகவே வேண்டாம், குழந்தை மருத்துவரிடம் போங்கள்.

தைராய்டு உள்ள பெண்கள் நம்மில் ஏராளம், அதனால் இதைத் தனியாகச் சொல்கிறேன். தைராக்சின் மாத்திரையை வெறும் வயிற்றில், வெறும் தண்ணீரில் போட்டு அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் காத்திருக்க வேண்டும். மாடியில் நடக்கும் குழுக்களில் காலை 6.30-க்கே, சாப்பாட்டுக்குப் பதிலாகப் பவுடர் கலக்கிய ஷேக்கைக் கையில் கொடுத்துவிடுவார்கள். அதில் உள்ள சோயா, கால்சியம், இரும்புச்சத்து எல்லாம் மாத்திரை உடம்பில் சேர்வதைக் கெடுக்கும். கால்சியத்துக்கும் இரும்புக்கும் நாலு மணி நேர இடைவெளி கேட்பார்கள். மாடியில் இதை எனக்கு யாரும் சொல்லவில்லை. எடை நின்றுபோனதற்கு "உங்க மெட்டபாலிசம் அப்படி" என்றார்கள்.

கடலூர்ப் பக்கம் இருந்தால் தமிழ்நாடு அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கு வருபவர்களிடமே பிரஷரும் சர்க்கரையும் பார்த்துக்கொள்ளலாம். பாண்டியில் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையம், இல்லையென்றால் அரசு ஆஸ்பத்திரி. அந்தச் சீட்டைப் பத்திரமாக வையுங்கள், மூன்று மாதம் கழித்து ஒப்பிட வேண்டும்.

3. உங்களுக்கு எது குறைகிறது?

இதை ஒரு தாளில் எழுதியே பாருங்கள். என்ன சாப்பிடுவது என்று தெரியவில்லையா? தெரிகிறது, ஆனால் செய்ய முடியவில்லையா? செய்கிறீர்கள், ஆனால் எடை இறங்கவில்லையா? மூன்றுக்கும் மருந்து வேறு வேறு.

முதலாவது என்றால் ஒரு டயட்டீஷியனை இரண்டு முறை பார்த்தால் போதும், குழு தேவையில்லை. மூன்றாவது என்றால் டாக்டர்தான், ஸ்டீராய்டு, சில மனநல மாத்திரைகள், தைராய்டு என்று எதுவும் காரணமாக இருக்கலாம். இரண்டாவது ரகம்தான் குழுவுக்கு ஏற்ற ரகம். நானும் அதுதான். பண்ருட்டியிலிருந்து என் நாத்தனார் வருடா வருடம் முந்திரி அனுப்புவார், நான் எவர்சில்வர் டப்பாவில் கொட்டி மேல் தட்டில் வைப்பேன், ராத்திரி பாத்திரம் கழுவிய ஈரக்கையோடு அதைத் திறந்து நின்றுகொண்டே தின்பேன். 30 கிராம் முந்திரியில் கிட்டத்தட்ட 165 கலோரி என்று எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்து என்ன ஆயிற்று!

இந்த வெட்கத்திலிருந்துதான் எடைக் குழுக்களே பிறந்தன என்று சொல்லலாம். நியூயார்க்கின் குயின்ஸில் இருந்த ஜீன் நிடெட்ச் என்ற இல்லத்தரசிக்கு கிளினிக்கில் டயட் எல்லாம் கொடுத்துவிட்டார்கள். ஆனால் பிஸ்கட் தின்பதை அங்கே வாய்விட்டுச் சொல்ல அவருக்கு வெட்கம். 1961-இல் சில சிநேகிதிகளை வீட்டுக்கு அழைத்து அவர்களிடம் ஒப்புக்கொண்டார், அவர்களும் தங்கள் கதையை ஒப்புக்கொண்டார்கள். அதுவே 1963-இல் வெயிட் வாட்சர்ஸ் என்ற நிறுவனம் ஆனது.

பலன் உண்டா என்றால், ஒழுங்காக நடத்தினால் உண்டு. சென்னையிலேயே, சர்க்கரை நோயின் விளிம்பில் இருந்த, எடை கூடிய 578 பேரை வைத்து ஓர் ஆய்வு நடந்தது, முடிவு 2016-இல் வெளியானது. குழு வகுப்புகளில் உணவும் உடற்பயிற்சியும் சொல்லிக்கொடுத்து, தேவைப்பட்டவர்களுக்கு மட்டும் மாத்திரையும் சேர்த்தார்கள். வழக்கமான ஆலோசனை மட்டும் பெற்றவர்களைவிட இவர்களுக்குச் சர்க்கரை வரும் அபாயம் 32 சதவீதம் குறைந்தது. அங்கே யாரும் யாருக்கும் டப்பா விற்கவில்லை என்பதைக் கவனியுங்கள்.

4. நம்ம ஊரில் என்னென்ன இருக்கிறது

பாண்டியில் கடற்கரைச் சாலையை மாலை 6 மணியிலிருந்து காலை 7.30 வரை வண்டிகளுக்கு மூடிவிடுகிறார்கள், அதனால் அங்கே நடைக்கூட்டங்கள் தானாகவே உருவாகின்றன. காசு கிடையாது. யாரும் உங்கள் எடையைக் கேட்க மாட்டார்கள், அதுவே வசதி, அதுவே குறை. கடலூரில் சில்வர் பீச்சும் மஞ்சக்குப்பம் மைதானமும் அப்படித்தான். தமிழ்நாடு அரசு 2023 நவம்பரில் மாவட்டம்தோறும் 8 கிலோமீட்டர் நடைபாதை என்று தொடங்கிய 'நடப்போம் நலம் பெறுவோம்' திட்டமும் இருக்கிறது, மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை கூட்டமாக நடப்பார்கள்.

யோகா, ஜும்பா, ஜிம் பேட்ச்கள் எல்லாத் தெருவிலும் உண்டு. உடம்புக்கு நல்லதுதான், ஆனால் சாப்பாட்டைப் பற்றி அங்கே பேச்சு வராது, வெறும் பயிற்சியால் இறங்கும் எடை கொஞ்சம்தான்.

வாட்ஸ்அப்பில் 21 நாள், 48 நாள் சவால் குழுக்கள். காலையில் தட்டைப் போட்டோ எடுத்துப் போட வேண்டும். நடத்துபவர் படித்த டயட்டீஷியனா, போன வருடம் எடை குறைந்தவரா என்று முதலில் கேளுங்கள். நான் இருந்த குழுவில் வந்த அட்டவணையில் பிராக்கோலி, கினோவா, அவகாடோ எல்லாம் இருந்தது, இட்லி இல்லை. கம்பங்கூழ் இல்லை. நெத்திலி இல்லை! கடலோரத்தில் உட்கார்ந்துகொண்டு மீனில்லாத டயட் சார்ட்டை வைத்து என்ன செய்வது? உங்கள் வீட்டு அடுப்பில் இன்றைக்கு என்ன இருக்கிறதோ அதைப் பற்றிப் பேசாத குழு ஒரு மாதம்கூடத் தாங்காது. பேலியோக் குழுக்களில் (சோறு, மாவுப் பண்டங்களைத் தவிர்த்து இறைச்சி, முட்டை என்று சாப்பிடுவது) சேருபவர்கள் கொலஸ்ட்ரால், யூரிக் ஆசிட், கிரியாட்டினின் பார்த்துவிட்டுச் சேருங்கள்.

கடைசியாக, மாடிகளில் நடக்கும் ஷேக் கிளப்புகள். இதற்குத் தனி அத்தியாயம் வேண்டும்.

5. இந்தக் குழுவுக்கு வருமானம் எங்கிருந்து வருகிறது?

மற்ற எல்லாக் கேள்வியையும் மறந்தாலும் இதை மறக்காதீர்கள். வருமானம் கட்டணத்திலிருந்து என்றால் சரி, டாக்டர் ஃபீஸ் மாதிரிதான். பவுடர் விற்பதிலிருந்து என்றால், நீங்கள் அதை நிறுத்தும் நாளை அவர்கள் விரும்ப மாட்டார்கள். இன்னும் நாலு பேரைக் கூட்டி வருவதிலிருந்து என்றால், அங்கே உங்கள் எடையைப் பற்றி யாருக்கும் கவலையில்லை.

எனக்கு நடந்தது இதுதான். காலையும் ராத்திரியும் ஷேக், மதியம் கொஞ்சம் சோறு. ஒரு நாளைக்கு 220 ரூபாய், மாதம் 26 நாள், 5,720 ரூபாய். மூன்று மாதத்தில் 68-லிருந்து 62-க்கு வந்தேன், பொய் சொல்லக் கூடாது, இறங்கத்தான் செய்தது. இரண்டு வேளை உணவுக்குப் பதில் ஒரு டம்ளர் குடித்தால் யாருக்கும் இறங்கும். முதல் வாரத்தில் 'கொட்டுவது' பெரும்பாலும் தண்ணீர்தான். நாலாவது மாதம் "நீங்களே ஒரு கிளப் போடுங்களேன், உங்க பவுடர் ஃப்ரீயா வந்துடும்" என்று பேச்சு ஆரம்பித்தது. என் தங்கையையும் அலுவலகத்தில் இரண்டு பேரையும் சொல்லி வைத்திருந்தேன், அதை இன்று நினைத்தாலும் கூசுகிறது. நிறுத்தினேன். தோசைக்குத் திரும்பினேன். ஒரு வருடத்துக்குள் 70. அந்த மூன்று மாதத்தில் தோசையை எப்படி அளவாகச் சாப்பிடுவது என்று யாரும் சொல்லித்தரவில்லை, நானும் கேட்கவில்லை.

கேட்க வேண்டியவை சில. "பவுடர் வாங்காமல் வகுப்புக்கு மட்டும் வரலாமா?" என்று நேரடியாகக் கேளுங்கள், முகம் மாறுகிறதா என்று பாருங்கள். டப்பாவில் 14 இலக்க எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. உரிம எண் இருக்கிறதா பாருங்கள். இருந்தாலும் அது உணவுத் தொழிலுக்கான உரிமம்தான், எடை குறையும் என்ற சான்றிதழ் இல்லை. உடல் பருமனைத் தீர்க்கும் என்று மருந்துக்கு விளம்பரம் செய்வதையே 1954-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று தடை செய்கிறது, அதனால்தான் "இது மருந்தே இல்ல, சாப்பாடு" என்று திரும்பத் திரும்பச் சொல்வார்கள். ஆள் சேர்த்தால் காசு என்ற பிரமிடு முறையை 2021-இல் வந்த நேரடி விற்பனை விதிகளும் தடை செய்கின்றன. எடை குறைய வாரம் ஒரு முறை போடும் ஊசியை யாராவது குழுவில் கொடுத்தால் அங்கிருந்து கிளம்பிவிடுங்கள், அது டாக்டர் சீட்டில்லாமல் தொடக் கூடாத மருந்து.

6. ஒரு நாள் சும்மா போய்ப் பாருங்கள்

பர்ஸை வீட்டில் வைத்துவிட்டு, போனில் பணம் அனுப்பும் ஆப்பைத் திறக்கக் கூடாது என்று சபதம் எடுத்துக்கொண்டு போங்கள். அங்கே போய்ப் பேசாமல் கவனியுங்கள். எடையைத் தனியாகப் பார்க்கிறார்களா, எல்லோர் முன்னாலும் கத்துகிறார்களா? நம் ஊர் சின்ன ஊர், முத்தியால்பேட்டையில் சொன்னது கடலூர் திருப்பாப்புலியூருக்கு மத்தியானத்துக்குள் போய்விடும். 'முன்-பின்' போட்டோவை ஸ்டேட்டஸில் போடச் சம்மதம் கேட்கிறார்களா? கல்யாணமாகாத பெண்ணிடம் "இந்த உடம்புக்கு யாரு வருவா" என்று ஒருவர் பேசி, மற்றவர்கள் சிரித்தால் அது போதும், வந்துவிடுங்கள்.

எடை ஏறிப்போன ஒருவரிடம் எப்படிப் பேசுகிறார்கள் என்பதை மட்டும் கூர்ந்து பாருங்கள். இறங்கியவருக்குக் கைதட்ட எல்லாக் குழுவுக்கும் தெரியும். ஏறியவர் மறு வாரம் வருவதற்குக் காரணம் இருக்கிறதா? எடை குறைக்கும் வேலையில் பாதி வாரங்கள் ஏறும் வாரங்கள்தான்.

ஆறு மாதத்துக்கு முன் சேர்ந்தவர் ஒருவரைத் தேடிப் பேசுங்கள். எல்லோரும் போன மாதம் சேர்ந்தவர்களாகவே இருந்தால் பழைய ஆட்கள் எங்கே போனார்கள்?

7. எவ்வளவு காலம், எவ்வளவு காசு

வாரத்துக்கு அரை கிலோவிலிருந்து ஒரு கிலோ என்பதே நல்ல வேகம். பத்து நாளில் பத்து கிலோ என்று போஸ்டர் ஒட்டியிருந்தால் அதைக் கடந்து போய்விடுங்கள். முதல் இலக்கு உங்கள் எடையில் 5 சதவீதம் போதும், 71 கிலோ என்றால் மூன்றரை கிலோ. அதற்கே பிரஷரும் சர்க்கரையும் கேட்க ஆரம்பிக்கும். கல்யாண போட்டோவில் இருக்கிற எடையை இலக்காக வைக்காதீர்கள்.

குறுகிய காலக் குழுவில் எல்லாப் பணத்தையும் போடாதீர்கள். பிரிட்டனில் 1,200-க்கும் மேற்பட்டவர்களை வைத்து நடந்து 2017-இல் வெளியான ஆய்வில், கையேடும் சிறு ஆலோசனையும் மட்டும் பெற்றவர்கள் ஒரு வருட முடிவில் சராசரி 3.3 கிலோ குறைந்திருந்தார்கள், 12 வாரம் குழு பெற்றவர்கள் 4.8, முழு 52 வாரம் பெற்றவர்கள் 6.8. அதாவது கையேட்டுக்கும் 12 வாரத்துக்கும் வித்தியாசம் ஒன்றரை கிலோதான். ஒரு வருடம் தாக்குப்பிடிக்கிற விலையில் இருக்கிற குழுதான் நமக்குச் சரிப்படும். மாதக் கட்டணத்தை 12-ஆல் பெருக்கி அந்தத் தொகையைப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். எனக்கு ஷேக் கணக்கில் அது 68,640 ரூபாய் வந்தது. மொத்தமாக வருடக் கட்டணம் கட்டச் சொன்னால் கட்டாதீர்கள், மாதா மாதம் கட்டுங்கள், ரசீது வாங்குங்கள். ஏமாந்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

8. ஒன்றும் சரிப்படவில்லையென்றால்

நாலு பேர் போதும். நாங்கள் புதன், ஞாயிறு காலை 5.30-க்குக் காந்தி சிலை அடியில் கூடுகிறோம், டூப்ளே சிலை வரை போய்த் திரும்பி, மூச்சு வாங்கினால் உட்கார்ந்து, மறுபடி ஒரு சுற்று. இருபது ரூபாய்க்கு வாங்கிய நோட்டுப் புத்தகம் ஒன்று, ஆளுக்குப் பத்துப் பக்கம், எடையை அவரவர் பக்கத்தில் அவரவரே எழுதுவார், அடுத்தவர் பக்கத்தைத் திருப்பக் கூடாது. இடுப்பளவு மாதம் ஒரு முறை. சொல்லாமல் வராதவருக்கு இருபது ரூபாய் அபராதம். குழுவுக்குள் யாரும் எதையும் விற்கக் கூடாது, புடவை உட்பட.

உட்கார்ந்து பேசும்போது ஆளுக்கு ஒரு ஒப்புதல் வாக்குமூலம். முந்திரி டப்பாவை நான் அங்கேதான் சொன்னேன். இப்போது டப்பா ஒரு சிநேகிதி வீட்டில் இருக்கிறது, ஞாயிறன்று சின்னக் கவரில் பத்துப் பருப்பு கொண்டு வந்து தருகிறார். எண்ணெயை அளக்க ஆரம்பித்ததும் இங்கேதான், ஆளுக்கு மாதம் அரை லிட்டர் என்று பாட்டிலில் கோடு போட்டு.

மழைக்காலத்துக்கு முன்னேற்பாடு வேண்டும். 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் வந்தபோது இரண்டு வாரம் யாரும் வெளியே வரவில்லை, மூன்றாவது வாரம் ஒருவர் வரவேயில்லை, அப்படியே நின்றுவிட்டார், அவருக்குப் பதில் இன்னொருவரைப் பிடித்தோம். இப்போதெல்லாம் ஐப்பசி பிறந்தால் ஒருவர் வீட்டு ஹாலில் கூடுகிறோம்.

பதினாலு மாதத்தில் 71-லிருந்து 66. இன்னும் 25-க்குக் கீழே வரவில்லை, அதற்கு 60 கிலோவாவது ஆக வேண்டும்.

9. சேர்ந்த பிறகு விலகுவது

மூன்று மாதம் முடியும் நாளைக் காலண்டரில் இப்போதே வட்டம் போடுங்கள். அன்றைக்கு டாக்டர் சீட்டையும் இஞ்சு டேப்பையும் எடுத்துப் பாருங்கள். இடுப்பு இறங்கவில்லை, சர்க்கரை மாறவில்லை, காசு மட்டும் போயிருக்கிறது என்றால் விலகுங்கள். போவதற்கு முந்தின ராத்திரி தூக்கம் வரவில்லை, எடை ஏறியிருக்குமோ என்று காலையில் பட்டினியாகப் போகிறீர்கள் என்றால் மூன்று மாதம்கூடக் காத்திருக்க வேண்டாம்.

நேரில் போய் விளக்கம் சொல்லாதீர்கள், பேச்சில் அவர்கள்தான் ஜெயிப்பார்கள். "அக்கா, இந்த மாசத்தோட நிறுத்திக்கிறேன், இதுவரைக்கும் பார்த்துக்கிட்டதுக்கு நன்றி" என்று ஒரு மெசேஜ். காரணம் எழுத வேண்டாம், எழுதினால் அதற்குப் பதில் வரும். என் விஷயத்தில் மூன்று முறை போன் வந்தது, ஒரு முறை வீட்டுக்கே வந்து டீ குடித்துவிட்டுப் போனார். அதற்கப்புறம் வரவில்லை.